பதிமூன்றாவது நிமிஷம்

கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பார்க்கிற ஸ்கேலால்தான் அந்தக் கிராபிக்ஸ் கார்டை அளந்தேன். பழைய கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "பதினேழு சென்டிமீட்டர்தாம்மா, நான்தான் சொல்றேன்ல" என்றார். அவர் சொன்னால் ஆயிற்றா? நான் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த பெட்டிக்குள் பதினேழரைக்கு மேல் ஒரு நூல்கூட இடம் கிடையாது. அளந்தேன். பதினாறு சென்டிமீட்டரும் ஒன்பது மில்லிமீட்டரும் இருந்தது. சரி, கட்டிக் கொடுங்கள் என்றேன்.

"உங்க பையனுக்காம்மா?"

"எனக்குத்தான்."

"கேம் ஆடவா?"

"பின்ன, தலைக்கு வச்சுப் படுக்கவா?"

அவர் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டு, நான் வாசல் இறங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பிரேமில் பொருத்துகிறவள். இருபத்து நாலு வருஷமாகப் பின்கட்டு அறையில்தான் வாசம். முடிந்த கண்ணாடியை மாட்டிவிடப் போகிற நேரம் தவிர, முன்னால் ஆட்கள் சிரிப்பதும் கண்ணாடி பார்ப்பதும் பேரம் பேசுவதும் சத்தமாக மட்டும் எனக்கு வந்து சேரும். கம்ப்யூட்டர் வாங்க நான் எடுத்தது, கடைவாய்ப் பல் கட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்த பணம். ஒரு பக்கமாக மென்று தின்னப் பழகி ஒரு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் கொஞ்ச நாள் மெல்வதில் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனால் ஒரு பல்லின் விலைக்குள் ஒரு கம்ப்யூட்டர் அடங்க வேண்டுமென்றால் எல்லாமே பழசாகத்தான் வாங்க வேண்டும். கம்ப்யூட்டரின் சிப் சூடாகாமல் குளிர்விக்கிற கூலர் ஒன்றுதான் புதுசு, ஏனென்றால் பழசில் அவ்வளவு குட்டையாக ஒன்று அகப்படவில்லை. பெட்டியும் குட்டியாகத்தான் இருந்தாக வேண்டும். என் அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு அலமாரித் தட்டு, முன்பு என் வீட்டுக்காரருடைய ரேடியோ இருந்த இடம், அது ஒன்றுதான் காலி. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. ரேடியோவும் அதே வருஷம் நின்று போனது.

எதற்கு இந்த வயசில் இந்தக் கூத்து என்று கேட்டால், என் மகனுக்காகத்தான். அவன் வேறு தேசத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். சாப்டியா, சாப்டேன், நீ சாப்டியா, மழையா, இல்ல வெயில், முட்டி வலி எப்படி இருக்கு, அது பாட்டுக்கு இருக்கு. இவ்வளவையும் மூன்று நிமிஷத்துக்குள் பேசி முடித்துவிடுவோம். மருமகள் எங்கே என்று கேட்டால் கடைக்குப் போயிருக்கிறாள் என்பான். ஐந்து மாதமாக ஒருத்தி கடையிலேயே இருக்கிறாள் என்றால் அந்தக் கடையையே விலைக்கு வாங்கியிருக்கலாம். ஏதோ நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? பெற்றவள். ஆனால் நேராகக் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்று கதவைச் சாத்திவிடுவான், அடுத்த வாரம் அந்த மூன்று நிமிஷம் இரண்டாகிவிடும். அந்தப் பயத்தில் நானும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நேத்து மத்தியானம் கூப்பிட்டிருந்தியாம்மா? சனிக்கிழமை அந்நேரத்துக்கு விளையாட்டுல இருப்பேன், எடுக்க முடியாது" என்றான். என்ன விளையாட்டு என்று சும்மாதான் கேட்டேன். எங்கிருந்தெல்லாமோ நம் ஆட்கள் கூடி ஒரு ஊரே கட்டுகிறார்களாம். ஒருவர் பாலம் போடுவாராம், ஒருவர் சுரங்கம் தோண்டுவாராம், அந்த ஊருக்குப் பெயர்கூடச் சொன்னான், அதைத் தட்டினால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாமாம். நாலு நிமிஷம் மூச்சு விடாமல் சொன்னான். பிறகு யாரிடம் பேசுகிறோம் என்று நினைவு வந்தவனாக, "உனக்குப் புரியாதும்மா" என்று நிறுத்திவிட்டான். அந்த நாலு நிமிஷத்தை அந்த வாரம் முழுக்க மனசுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தேன். என் பிள்ளைக்கு இவ்வளவு பேச வரும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

ஒன்பது நாள் சாயங்காலம் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டினேன். போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான். திருகாணி எனக்குப் பெரிய விஷயமில்லை. மூக்குத்தாங்கியில் போடுகிற திருகைப் பார்த்தால் இதெல்லாம் யானை சைஸ். ஒயர்களை அந்தப் பெட்டிக்குள் மடக்கி அடக்கியதுதான் பாடாய்ப் படுத்தியது. மூடியைச் சாத்தினால் ஒரு ஒயர் வெளியே எட்டிப் பார்க்கும், அதை உள்ளே தள்ளினால் இன்னொன்று வரும். கூலரைக் கையில் எடுத்தபோது மட்டும் வேலை நிதானப்பட்டது. அதன் அடிப்பக்கம் முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று இருந்தது. மேலே மெல்லிசாக ஒரு பிளாஸ்டிக் தாள். அதில் ஏதோ சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. புது லென்ஸில் ஒட்டி வருகிற தாளிலும்தான் என்னென்னவோ போட்டிருக்கும், அதையெல்லாம் யார் படிக்கிறார்கள். எங்கள் தொழிலில் தாளைக் கடைசியில்தான் உரிப்போம். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளப் போகிறவர் எதிரில் வந்து உட்கார்ந்த பிறகு, அவர் கண்ணெதிரே உரிப்போம். அதற்கு முன்னால் உரித்துவிட்டு ஒரு கீறல் விழுந்தால் லென்ஸின் காசு நம் சம்பளத்தில் போய்விடும். அதனால் வீடியோவில் காட்டிய பசையைச் சிப்பின் மேல் தடவி, தாளோடேயே கூலரை வைத்துத் திருகிவிட்டேன்.

முதல் சனிக்கிழமை. கடை அரை நாள்தான். வந்ததும் வராததுமாக உட்கார்ந்தேன். விளையாட்டு என் பெயரைக் கேட்டது. என்ன போடுவது என்று தெரியாமல் "சும்மா" என்று போட்டேன், அது அதையே பெயராக எடுத்துக்கொண்டது. அவனைத் தேட வேண்டியிருக்கவில்லை. பாலத்தின் மேல் ஒரு பொம்மை மனிதன் நின்றான், தலைக்கு மேல் "ஆந்தை" என்று எழுதியிருந்தது. ஐந்து வயசில் முதல் முதலாக வட்டக் கண்ணாடி போட்டு வந்து நின்றவனுக்கு நான் வைத்த பெயர் அது. அந்த லென்ஸை வெட்டியதும் நான்தான்.

"யாரோ புதுசா வந்திருக்காங்கப்பா. சும்மாவாம் பேரு" என்று அவன் குரல் என் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.  மைக் நான் வாங்கவில்லை, அதற்குப் பல் பணத்தில் மிச்சமில்லாதது மட்டும் காரணமில்லை. பேசினால் ஒரு சொல்லில் கண்டுபிடித்துவிடுவான். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டி, மைக் இல்லை என்று போட்டேன். நடக்கக்கூடத் தெரியாமல் இரண்டு தரம் ஆற்றில் விழுந்தேன். "பரவால்லங்க, மெதுவா வாங்க. நான் ஒரு மாசம் விழுந்தேன்" என்று சொல்லி, ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்து கரையேற்றிவிட்டான். மகன் அம்மாவுக்கு நடை பழக்குகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு முடிவதற்குள் திரை பொட்டென்று இருண்டது. மணி பார்த்தேன். பன்னிரண்டு நிமிஷம்.

அன்றைக்கு நாலு தடவை அப்படியே ஆனது. பன்னிரண்டு நிமிஷத்துக்குமேல் தாக்குப்பிடிக்காது. சிறிது ஆறவிட்டுப் போட்டால் வரும், மறுபடி போகும். நான் திரும்பும்போதெல்லாம் "சும்மா வந்தாச்சு" என்று அங்கே ஒரே கேலி.

அடுத்த சனிக்கிழமை என்ன விசேஷமோ, அவனைத் தவிர ஆளில்லை. இருவரும் பாலத்துக்குக் கைப்பிடி கட்டிக்கொண்டிருந்தோம். கட்டை எடுத்துக் கொடுப்பது என் வேலை.

"வீட்ல யார் யாரு இருக்கீங்க?" என்று கேட்டான்.

தனியாகத்தான் என்று தட்டினேன்.

"நானும்தாங்க" என்றான். பிறகு, முகம் தெரியாதவர்களிடம்தான் இதெல்லாம் வரும் போல, நிதானமாகச் சொன்னான். "கல்யாணம் ஆச்சு. அஞ்சு மாசம் முன்னாடி அவ கிளம்பிப் போயிட்டா. சண்டைன்னுகூட சொல்ல முடியாது. ரெண்டு பேருக்கும் பேச்சே இல்லாம போயிடுச்சு."

 வீட்டில் சொல்லவில்லையா என்று கேட்டேன். அதைத் தட்டுவதற்குள் அவன் இரண்டு கட்டை வைத்துவிட்டான்.

"அம்மாகிட்ட சொல்லல. அங்க ஒத்தையில இருக்காங்க. நான் நல்லா இருக்கேன்னு நினைச்சு நிம்மதியா இருக்காங்க. அதையும் எதுக்குக் கெடுக்கணும்?"

நிம்மதியாம். நான் பதில் தட்டுவதற்குள் திரை இருண்டது. சனியனே என்று அந்தப் பெட்டியை ஓங்கி ஒரு அறை வைத்தேன். கை சுட்டது. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அவன் தனியாக இருக்கிறான் என்று அழுதேனா, என்னிடம் சொல்லாததை எவளோ ஒரு சும்மாவிடம் சொன்னான் என்று அழுதேனா, இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நான்தான் என்று சொல்லிவிட்டால் ஒட்டுக் கேட்டாயா என்று கோபப்படுவான், இந்தக் குரலும் போய்விடும். சொல்லாவிட்டால் பெற்ற பிள்ளைக்கு நான் ஊர் பேர் தெரியாதவளாகவே இருந்துவிட வேண்டியதுதான். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி போட்டேன்.

அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"உங்க மெஷின் சூடாகித்தான் அணைஞ்சு போகுது" என்றான், இவ்வளவு நேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்த மாதிரி. "கூலர் புதுசா? அடியில ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்குமே, உரிச்சீங்கல்ல?"

யோசிக்காமல் தட்டிவிட்டேன். "அதை எதுக்கு இப்பவே உரிக்கணும், கீறல் விழுந்துடும்."

 லைன் போய்விட்டதோ என்று காதில் இருந்ததை அழுத்திப் பார்த்தேன். பிறகு சிரித்தான், பாதியில் நிறுத்தினான்.

"எங்கம்மா இப்படித்தான். ஃபிரிட்ஜ் வாங்கி எட்டு வருஷம் கதவுல தாள் உரிக்கல. என் ஜாமெட்ரி பாக்ஸ், சுவர்க் கடிகாரம், எதுலயும் கை வைக்க விடமாட்டாங்க. தானா உரிஞ்சு வந்த தாளைக்கூட தூக்கிப் போட மாட்டாங்க." பிறகு, "போய் அத உரிச்சிட்டு வாங்க. அந்தத் தாள் இருந்தா சூடு வெளிய போகாது. நான் இங்கயே நிக்கிறேன்" என்றான்.

அரை மணி நேரம் பிடித்தது. திருகுகளைக் கழற்றி, கூலரைத் தூக்கினேன். பசை தாளில் அப்பிக்கொண்டு வந்தது. லென்ஸ் துடைக்கிற துணியால் எல்லாவற்றையும் துடைத்து, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி இழுத்தேன். இருபத்து நாலு வருஷத்தில் எதிரே ஆள் உட்காராமல் நான் உரித்த முதல் தாள் அது. அடியில் என் முகம் தெரிந்தது. மிச்சமிருந்த பசையைத் தடவி மறுபடி பூட்டினேன்.

பாலத்தின் மேல் சாயங்காலம் ஆகியிருந்தது. ஆந்தை கைப்பிடியோரம் நின்றான்.

"உரிச்சாச்சா?"

ம் என்று தட்டினேன்.

 இருவருமாகக் கட்டை வைத்தோம். பெட்டிக்குள் காற்றாடி மெதுவாகச் சுற்றியது. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து. பதினொன்று. பன்னிரண்டு. திரை அப்படியே இருந்தது. பதிமூன்றாவது நிமிஷத்தில் அவன் கட்டை வைப்பதை நிறுத்தினான்.

"அந்தத் தாள் எங்க?" என்றான். குரல் இறங்கியிருந்தது. "தூக்கிப் போட்டாச்சா?"

திரும்பிப் பார்த்தேன். கட்டிலின் மேல், வேலைக்குக் கொண்டுபோகிற லென்ஸ் தட்டில், ஓரம் மடங்காமல் நீவி வைத்திருந்தது. எப்போது வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

"இல்ல" என்று தட்டினேன்.

காதில் ஒரு சின்னச் சத்தம் வந்தது. கண்ணாடியைக் கழற்றி, அதன் காலை மடக்கி, மேஜை மேல் வைக்கிற சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பாலத்தின் மேல் ஆந்தை அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். திரையின் கீழே நான் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.