வலது மணிக்கட்டுச் சரக்கு

காலையிலிருந்து என் வீட்டுக்காரர் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். இடது மணிக்கட்டில் பெரிய கம்பெனியின் ஆண்கள் சென்ட், வலது மணிக்கட்டில் அதைப் பார்த்து எவனோ காய்ச்சிய மலிவுச் சரக்கு. நான் தையல் மிஷினில் குனியும்போதெல்லாம் இரண்டு கையையும் மூக்கடியில் நீட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்பார். சாயங்காலம் கோட்டு வாங்க ஆள் வந்துவிடும், நான் இன்னும் காலர்கூட வைக்கவில்லை.

அவருக்குச் சென்ட் கடையில் வேலை. அந்த மலிவுச் சரக்கை வாங்கிக் கடை நிறைய அடுக்கலாமா என்று முதலாளி இவரைக் கேட்டிருக்கிறார், இன்றைக்கே பதில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் கவுன்ட்டரைப் பிடுங்கிக்கொண்டு குடோனில் பெட்டி தூக்க அனுப்பிவிடுவாராம். இவர் இடுப்பு இருக்கிற லட்சணத்துக்குப் பெட்டி தூக்குவதாவது!

அடித்தவுடன் வருகிற வாசனை எந்தச் சரக்கிலும் ஜோராகத்தான் இருக்கும், தோலில் ஊறி அடங்கிய பிறகு மிஞ்சுவதுதான் நிஜம் என்று எனக்கே பாடம் எடுத்தவர் இவர். தொலைகிறது என்று நானும் மோந்து சொன்னேன். முதலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. மதியத்துக்குள் இடது கை சீவின மரம்போல நிதானமாக மணந்தது, வலது கையில் பாத்திரம் விளக்குகிற சோப்பு வாடைதான் மிச்சம். இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் மறுபடி வந்து நின்றார்.

"உங்க மூக்கு என்ன லீவுல போயிருக்கா? சும்மா என்னையே போட்டுப் படுத்துறீங்க."

அவர் இஸ்திரி மேஜைப் பக்கம் போய்ச் சாய்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் ஏதோ கருகுகிற நாற்றம் குப்பென்று வந்தது. ஐயோ, சூடான இஸ்திரிப் பெட்டியைக் கோட்டின் உள்துணி மேலேயே வைத்துவிட்டிருந்தேன்! பதறி ஓடினேன். அவர் முதுகுக்குப் பின்னால் துணி புகைந்துகொண்டிருக்கிறது, மனுஷன் மணிக்கட்டைப் பார்த்தபடி நிற்கிறார். வாயில் வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"போன வருஷம் காய்ச்சல் வந்துச்சே, அப்பலேர்ந்து. ஒரு வாசனையும் தெரியல."

அத்தனை மாதமும் வாங்க வருகிறவர் முகத்தைப் பார்த்தே வியாபாரத்தை ஓட்டியிருக்கிறார். அது கிடக்கட்டும். தினமும் தட்டு முன்னால் உட்கார்ந்ததும், இன்றைக்குச் சமையல் தெருவரைக்கும் மணக்கிறது என்பாரே! நானும் அதை நம்பிப் பூரித்துப் போயிருக்கிறேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"சொல்லலைன்னா நீ கண்டுபிடிச்சிடுவியே."

அந்த நேரம் பார்த்து முதலாளி போன் பண்ணினார். வாசனை நிற்கவில்லை, சரக்கு வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வையுங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினேன். தலையை ஆட்டிவிட்டுத்தான் போனை எடுத்தார்.

"சரக்கு வேண்டாம் சார். அதை மோந்து சொன்னது என் வீட்டுக்காரி. எனக்கு மூக்கு போய் ரொம்ப நாளாச்சு."

எதிர்ப்பக்கம் என்ன சொன்னாரோ, சரி சார், சரி சார் என்றார். வைத்த பிறகு, நாளையிலிருந்து குடோன் என்றார்.

கட்டினவளிடம் சொல்ல இத்தனை மாதம் போதவில்லை, முதலாளியிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். எனக்கு அழுகையும் வந்தது, அவரை நாலு சாத்து சாத்தலாம் போலவும் வந்தது.