மார்பில் போட்ட மைக்கோடு

வாசல் காவலாளியின் மூக்கை உடைத்துவிட்டுத்தான் கஸ்பார் அன்று காலை ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தான். பின்னே என்ன? பாரிஸ் இறைச்சிச் சந்தையில் ஒரே போடில் காளையைச் சாய்க்கிறவனைப் பிடித்து, "இன்னிக்குப் பாக்க முடியாது, போ போ" என்று தள்ளினால் சும்மா போவானா? உள்ளே கிடப்பவன் அவனுடைய ஒரே தம்பி ஃபிர்மேன். தாயில்லாத அந்தப் பயலுக்கு ரொட்டியைச் சூப்பில் ஊறவைத்து ஊட்டி வளர்த்தவன் இவன்தான்.

ஃபிர்மேன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. வலது விலாவில் மையால் ஒரு கோடு.

கோட்டைப் பார்த்ததும் கஸ்பார் கட்டிலை மறித்து நின்றான். போன வாரம் பக்கத்துக் கட்டில் கொத்தனாருக்கும் இப்படித்தான் போட்டார்கள். டாக்டர் வெர்னோல் வந்தார், மார்பை விரலால் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், கோளாறு இங்கேதான் என்று மாணவர்களுக்குக் கோடு போட்டுக் காட்டினார். மறுநாள் கொத்தனார் செத்தான். சொன்னது சரிதானா என்று பார்க்க அவனைப் பலகையில் போட்டுக் கிழித்தார்கள். சரியாகத்தான் இருந்ததாம்! தூ, இதுவும் ஒரு பிழைப்பா! ஏழைகளுக்கு வியாதியைவிட அந்தப் பலகைதான் பயம்.

"எவன்டா என் தம்பிக்குக் கோடு போட்டது?"

"நான்தான்." குள்ளமான வெர்னோல் கையில் கத்தியோடு வந்தார். "உள்ள சீழ் கட்டியிருக்கு. தட்டினா நிறைஞ்ச பீப்பா மாதிரி மொத்துனு சத்தம் வருது. இப்ப எடுக்கலைன்னா சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டான். தள்ளி நில்லுப்பா."

"செத்தவனைக் கிழிக்கிறது பத்தலையா? உயிரோட இருக்கறவனும் வேணுமாய்யா உனக்கு?"

"செத்தவங்களைக் கிழிச்சுதான்யா இவனை எங்க கிழிக்கணும்னு கத்துக்கிட்டேன். பிடிங்கடா இவனை!"

நாலு மாணவர்கள் கஸ்பார்மேல் விழுந்து அமுக்கினார்கள். கத்தி கோட்டின் மேலேயே இறங்கியது. ஃபிர்மேன் அலறிய அலறலில் அறையே அதிர்ந்தது. சீழ் பீறிட்டு டாக்டரின் முகத்தில் அடித்தது. அலறல் சட்டென்று நின்றது. ஃபிர்மேனின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"கொன்னுட்டியேடா பாவி!"

ஒருவனை முழங்கையால் இடித்துப் பல்லைப் பெயர்த்தான் கஸ்பார். இன்னொருவனின் மண்டையைக் கட்டில் சட்டத்தில் மோதினான். இடுப்புக் கத்தியை உருவினான். எங்கே குத்தினால் உயிர் உடனே போகும் என்பது அவன் கைக்குத் தெரியும். பிடி வரைக்கும் ஏற்றினான். வெர்னோல் சத்தமில்லாமல் மடங்கி விழுந்தார். மாணவர்கள் முக்காலியைத் தூக்கி கஸ்பாரின் முதுகில் மாறிமாறி அடித்தார்கள். அவனுக்கு உறைக்கவேயில்லை.

தரையில் கிடந்தவர் வாயில் ரத்தம் கொப்பளித்தது.

"அவன் காயத்தை மூடிடாதீங்கடா... வடியட்டும்" என்றார். அதோடு அவர் மூச்சு நின்றது.

மாணவர்கள் கஸ்பாரைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தபோது கட்டிலில் ஒரு இருமல் கேட்டது. மயக்கம் தெளிந்து ஃபிர்மேன் கண்ணைத் திறந்தான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான், விட்டான், மறுபடியும் இழுத்தான். எத்தனை நாளாயிற்று அவன் அப்படி மூச்சு விட்டு! உதட்டில் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குக் கீழே கிடந்தவரை அவன் பார்க்கவில்லை.

"அண்ணே, மூச்சு வருதுண்ணே!" என்று சிரித்தான். "டாக்டரையா எங்க? நம்ம கடையிலேருந்து நல்ல இளங்கன்னு இறைச்சியா பாத்து நீயே உன் கையால அவருக்கு வெட்டிக் குடுண்ணே."