பாஸ் போட்ட பாவம்

பிரிஜெட் மிஸ்ஸுக்குக் கோபம் வந்தால் சிவப்புப் பேனா தாளையே கிழித்துவிடும். இரண்டாயிரத்து ஆறாம் வருஷ முழுப் பரீட்சையில் அப்படிக் கிழிந்தது, ஏழாம் வகுப்புப் பரிமளாவின் கணக்குத் தாள். வகுப்பில் முதலாவதாக வரும் பெண், பன்னிரண்டை ஏழால் பெருக்கி எழுபத்தொன்று என்று எழுதியிருந்தாள். தமிழ்த் தாள் அதைவிட மோசம். பாதிக்கு மேல் வெறுமனே கிடந்தது.

“என்ன கேடு வந்துச்சு இவளுக்கு!” என்று தனியாகவே சத்தம் போட்டாள் மிஸ். காய்ச்சலோடு எழுதியிருப்பாள், பாவம் என்று பிறகு மனசு இளகியது. பதினெட்டு வருஷமாக யாருக்கும் அரை மார்க் தூக்கிப் போடாதவள், அன்று கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். பரிமளா பத்தாவது தாண்டினால் ஜீவனஹள்ளியில் அவர்கள் சந்திலேயே முதல் பெண். அதை நினைக்கவே மிஸ்ஸுக்கு இனித்தது.

ரிசல்ட் அன்று பரிமளாவின் அம்மா பாஞ்சாலி வந்தாள். ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். நன்றி சொல்ல வருகிறாள் என்று மிஸ் பல்லைக் காட்டிக்கொண்டு எழுந்தால், வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“ஏன் மிஸ் பாஸ் போட்டீங்க?”

“இது என்னம்மா கேள்வி?”

“நான்தான் அவள பெயிலாவச் சொன்னேன். ஏழாவது வரைக்கும்தானே ஸ்கூல்ல பிசியூட்டா சோறு போடறாங்க? எட்டாவதுக்கு ஏது மத்தியானச் சோறு? சாரத்துலேர்ந்து வுழுந்து அவங்கப்பா கால ஒடச்சிக்கினு கெடக்குறாரு. இன்னொரு வருஷம் இவ ஏழாவதுலயே குந்தியிருந்தா, அதுக்குள்ள அவரு எழுந்து வேலைக்குப் போயிடுவாருன்னு இருந்தேன். கெடுத்துட்டீங்களே மிஸ்!”

எட்டாம் வகுப்பு அதே காம்பவுண்டில், சமையல் கொட்டகையை ஒட்டித்தான் இருக்கிறது. சாம்பார் வாசனை மட்டும்தான் அந்தப் பிள்ளைகளுக்கு. தினமும் பார்த்தும் இது தன் மண்டையில் ஏறவில்லையே என்று மிஸ்ஸுக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ரிசல்ட்டை மாற்ற முடியுமா என்று ஹெட்மாஸ்டர் பாலசுப்ரமணியனிடம் ஓடினாள். “லிஸ்ட் ஆபீசுக்குப் போயாச்சே மேடம். மார்க்க நான்தான் கூட்டிப் போட்டேன்னு எழுதிக் குடுக்கறீங்களா?” என்றார். எழுதினால் வேலை போய்விடும். மிஸ்ஸுக்குக் கை வரவில்லை. திரும்பி வந்து, “என் டிபன தெனமும் அவளுக்குத் தந்துடறேம்மா” என்றாள்.

“ஒரு வாரம் தருவீங்க மிஸ்,” என்றாள் பாஞ்சாலி, கோபம்கூட இல்லாமல்.

ஜூனில் பள்ளி திறந்தது. எட்டாவதில் பரிமளா இல்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மிஸ் ஜீவனஹள்ளிக்குப் போனாள். வீட்டு வாசலில் பலகையைப் போட்டு ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தாள் பரிமளா. முழங்கை வரைக்கும் கரி. மிஸ்ஸைக் கண்டதும் வகுப்பில் எழுவதுபோலச் சட்டென்று எழுந்து நின்றாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா கண்ணு?”

“அம்மா சொல்லாதன்னுச்சு மிஸ். எனக்கு எல்லாமே தெரியும். தெரியாத மாதிரி எழுதறதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.” கையில் இருந்த கரியைப் பாவாடையில் துடைத்தாள். “நான் சரியா எழுதலையா மிஸ்?”

“சரியாத்தாம்மா எழுதியிருந்தே,” என்றாள் பிரிஜெட். “நான்தான் தப்பாத் திருத்திட்டேன்.”