மேல் பெர்த்தில் ஒரு போர்வை

கண்ணாடியில் மழை. மழைக்கு அப்பால் ஒரு விளக்கு, பிறகு இருட்டு, பிறகு இன்னொரு விளக்கு. வெளிச்சம் திரைச்சீலையில் ஏறி, மேல் பெர்த்தின் போர்வையைத் தொட்டு, இறங்கிப் போனது.

போர்வை அசையவில்லை.

கீழ் பெர்த்தில் தணிகாசலம் படுத்திருந்தார். ஐம்பத்து நான்கு வயது. பதினாறு மலைகள் ஏறியவர், பதினாறும் நண்பர்களோடு. மேலே அவர் மனைவி மேகலா. "ஒரு தடவை நானும் வரேனே" என்று இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாகக் கேட்டவள். சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் கொடைக்கானல். அங்கிருந்து காட்டுக்குள் நடை.

அவளுக்கு மலைப்பாதை என்றால் நடுக்கம். பஸ் திரும்பும்போது உருண்டு விழுந்துவிடுவோம் என்று, பெர்த்தின் ஓரமாகத் தலையணையையும் துணிப்பையையும் அணைபோல வைத்திருந்தாள். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "முதல் வளைவு வந்ததும் கையைக் கீழே நீட்டு, பிடிச்சுக்கறேன்" என்றார்.

வத்தலக்குண்டு தாண்டியது. முதல் வளைவு வந்தது. கை வரவில்லை.

இரண்டாவது வளைவு. மழை. கை வரவில்லை.

எழுந்து போர்வையை விலக்கினார். தலையணை. துணிப்பை.

மேகலா இல்லை.

திண்டுக்கல்லுக்கு முன்னால், நெடுஞ்சாலை ஓட்டலில் பஸ் நின்றிருந்தது. டீக்கு வரவில்லை என்று அவள் சொல்லிவிட, இவர் மட்டும் இறங்கினார். குடித்தார், திரும்பி வந்தார், படுத்தார். கிளீனர் வழக்கம்போல டார்ச்சோடு வந்து ஒவ்வொருவரையும் கேட்டார். "பக்கத்துல ஆள் வந்தாச்சா? பாத்துச் சொல்லுங்க."

பார்த்துச் சொல்லுங்கள் என்றார். தணிகாசலம் பார்க்கவில்லை. படுத்தபடியே கையை உயர்த்திப் போர்வையைத் தட்டினார். மெத்தென்று இருந்தது.

"தூங்கறாங்க" என்றார்.

தூங்கறாங்க. சொன்ன வாயை இப்போது என்ன செய்வது?

இவர் டீ குடித்த நேரத்தில் அவள் பாத்ரூமுக்கு இறங்கியிருக்கிறாள். அவளுடைய போன் தலையணைக்கடியில் அணைந்து கிடந்தது. மலையில் சார்ஜ் போட முடியாது, அணைத்து வை என்றவர் இவர்தான். பெர்த்துக்குக் கீழே புது ஷூ இரண்டும் இருந்தன. செருப்போடு போயிருக்கிறாள். மழையில். தனியாக.

"நிறுத்துங்க!" என்ற குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே தெரியவில்லை.

டிரைவர் ஒரு வளைவில் ஓரங்கட்டினார். "என்ன சார், இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டு, அந்த ஓட்டலுக்கு போன் போட்டார். எடுத்தவன் கத்திப் பேசினான்.

"நாலு பஸ்ஸு லேடீஸ் நிக்கிறாங்கண்ணே. அவங்க என்ன கலர் டிரஸ்?"

டிரைவர் அவரைப் பார்த்தார். பஸ்ஸில் விழித்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

பச்சையா? நீலமா? சேலையா, சுடிதாரா? பதினாறு மலைகளின் உயரமும் அடிக்கணக்கில் அவருக்குத் தெரியும். அதற்குள் சிக்னல் போய்விட்டது.

கேரட் மூட்டைகளோடு மலையிறங்கி வந்த லாரி ஒன்றில் ஏறிக்கொண்டார். சாலை ஓரத்தில் தெரிந்ததெல்லாம் அவளாக இருந்தது. மைல்கல். நனைந்த மாடு. சாக்கைப் போர்த்திக்கொண்டு நடந்த யாரோ. பயம். இதுவரை எந்தப் பாறை விளிம்பிலும் வராத பயம். ஏதாவது ஆகியிருந்தால்? யாராவது ஏதாவது சொல்லிக் கூட்டிப் போயிருந்தால்? தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டார். ஒன்றரை மணி நேரம் செத்துப் பிழைத்தார்.

லாரி நின்றபோது மழை ஓய்ந்து, சாம்பல் நிறத்தில் விடிந்திருந்தது. ஓட்டல் சாலைக்கு அந்தப் பக்கம். நடுவில் அரளிச் செடிகள். இடித்துக்கொண்டு தாண்டி ஓடினார்.

ஏதோ ஒரு குடும்பம் பஸ்ஸிலிருந்து இறங்கி டீக்கு நின்றது. அந்தக் குடும்பத்தின் ஓரத்தில், அவர்களைச் சேர்ந்தவள்போல, மேகலா.

அவரைப் பார்த்ததும் விலகி வந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லலைங்க. தனியா இருக்கேன்னு தெரிஞ்சிடுமேன்னு பயம். ஒவ்வொரு பஸ் வரும்போதும் அதுல வந்தவ மாதிரி நின்னேன். அது கிளம்பினா அடுத்தது. உங்க நம்பரும் எனக்கு மனப்பாடமாத் தெரியலை."

பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஆள் வந்தாச்சான்னு கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "நீ தூங்கறேன்னு சொன்னேன்."

"போர்வையைத் தூக்கிப் பாக்கலையா?"

"பாக்கலை."

ராத்திரி முழுக்க அழாதவள் அப்போதுதான் அழுதாள். தொட அவருக்குக் கை வரவில்லை. ஈரப் படியில் உட்கார்ந்துவிட்டார். "பயந்துட்டேன், மேகலா" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

"வீட்டுக்குத் திரும்பிடலாமா?" என்று கேட்டார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாலையையே பார்த்தாள்.

வெகு நேரம் கழித்துக் கொடைக்கானல் பஸ் ஒன்று வந்து நின்றது. அவர் எழவில்லை. அவள்தான் எழுந்தாள். நடந்தாள். ஏறினாள்.

ஏறியவள் படியிலேயே நின்றாள். அவர் ஏறிவிட்டாரா என்று திரும்பிப் பார்த்தாள்.