கை நனைக்காத வீடு

மலேசியாவின் சுவாவில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த சேவுகன் செட்டியாரும், அங்கே கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த யாழ்ப்பாணத்துச் சிவானந்தனும் எட்டு வருடமாக ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்கவில்லை.

எண்பத்தேழில் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டன என்று ரேடியோ சொன்ன அன்று இரண்டு வீட்டிலும் பாயசம். என்ன அவசரமோ! சில மாதங்களில் அங்கிருந்த இயக்கம் ஒப்பந்தத்தை உதறியது. அமைதி காக்கப் போன இந்தியப் படை சண்டையில் இறங்கியது. அதில் சிப்பாயாக இருந்த செட்டியாரின் அக்கா மகன் செத்தான். அந்தப் படையின் ஷெல் விழுந்து சிவானந்தனின் அண்ணன் செத்தார்.

தொண்ணூற்றைந்தில் இலங்கை ராணுவம் நெருங்க, யாழ்ப்பாணமே ஊரைவிட்டு நடந்தபோது சிவானந்தன் செட்டியார் வீட்டுப் படியேறினார். தங்கை பிள்ளைகளோடு அந்தக் கூட்டத்தில் மழையில் நடக்கிறாள் என்றார். செட்டியாரின் மனைவி சீதை வைத்த காப்பியை அவர் தொடவில்லை.

"இந்தியா வாயே திறக்கேல்லை, செட்டியார்."

"நீங்கதானே இந்தியப் படை வேணாம்னீங்க?"

"எங்களைக் கேட்டே அந்த ஒப்பந்தத்தை எழுதினவை?" கிராணி கத்தினார்.

"கேக்கல. தப்புதான்லா." செட்டியார் சுவரில் மாலை போட்டிருந்த அக்கா மகனின் படத்தைப் பார்த்தார். "ஆனா இனிமே டில்லியில எவன் வந்தாலும் இந்தப் படத்தைத்தான் மொதல்ல பார்ப்பான், கிராணியாரே. மறுபடியும் மகனை அனுப்புன்னு எந்தத் தாய்கிட்ட போய்க் கேப்பான்?"

சிவானந்தனும் அந்தப் படத்தைப் பார்த்தார்.

"என்ர தங்கச்சியும் அனுப்பமாட்டாள்" என்றார்.

பிறகு ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார்.