முதலில் வேண்டாம் என்றவர்

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. புருஷன் பெண்டாட்டியை வேண்டாம் என்றால், அவள் சீரைத் திருப்பிக் கொடுத்து, தன் சொத்திலும் பாதியைப் பிரித்துக் கொடுத்து அனுப்ப வேண்டும். பெண்டாட்டி புருஷனை வேண்டாம் என்றால், கொண்டுவந்த சீர் அத்தனையையும் அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். வேண்டாம் என்கிறவர் ஊர் முன்னால் ஒரு துரும்பைக் கிள்ளி நீட்டுவார். மற்றவர் அதை வாங்கிக்கொண்டால் உறவு தீர்ந்தது. நியாயமான வழக்கம்தான். ஆனால் அன்னக்கொடியிடமும் உக்கிரபாண்டியிடமும் அகப்பட்டுக்கொண்டு அது படாத பாடு பட்டது.

கலியாணமான முதல் வருஷமே அவன் ஒரு நாள் சோற்றுத் தட்டை எட்டி உதைத்தான். அவள் அகப்பையால் அவன் முழங்காலில் ஒன்று வைத்தாள். அத்தோடு பேச்சு நின்றது. அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஒரே கூரை, இரண்டு அடுப்பு. ஒருவரை ஒருவர் பிடிக்கவில்லை என்பது அந்தத் தெரு நாய்க்குக்கூடத் தெரியும். வாயைத் திறந்து சொல்லத்தான் ஆளில்லை. சொன்னவருக்கல்லவா நஷ்டம்!

அவள் அண்ணன் நல்லகாமன் மாதம் ஒருமுறை வந்து, "ஆத்தா, பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. அவன் வாயிலருந்து வரட்டும். நாலு குறுக்கம் நஞ்சையில பாதி நமக்கு" என்று காதைக் கடித்துவிட்டுப் போவான். மாமியார் சோணையம்மாளும் சும்மா இருக்கவில்லை. "வாயைத் தொறந்துராதடா. அவளா ஓடட்டும். அண்டாவும் எருமையும் எங்க போகப் போகுது?" என்று மகனுக்கு ஓதினாள்.

அவளை ஓடவைக்க அவன் ஆட்டுக்குட்டிகளைக் கொண்டுவந்து அவள் அடுப்படி வாசலில் கட்டினான். அவனைக் கத்தவைக்க அவள் விடியுமுன் உலக்கையோடு போய் அவன் தலைமாட்டில் கம்பு குத்தினாள். அவன் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தூங்கினான். இரண்டு வருஷம் இப்படி வீம்பில் போயிற்று.

வெள்ளிக்கிழமை தோறும் அவள் சீர்ப் பாத்திரங்களை இறக்கிப் புளி போட்டுத் தேய்ப்பாள். ஒரு அண்டா, இரண்டு தவலை, நாலு குடம், ஒரு குத்துவிளக்கு. மாமியார் எடுத்துப் புழங்கிவிடக் கூடாதே என்று எண்ணிப் பார்த்து மறுபடி பரணில் ஏற்றுவாள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. இந்த அண்டாவில் இன்றைக்கு வரைக்கும் ஒரு படி அரிசி பொங்கியதில்லை. இதை வைத்திருப்பதற்காகவே இங்கே இருக்கிறாள். இது அவளுடைய அண்டாவா, அவள் இதற்குக் காவல்காரியா? சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுகையாகிவிட்டது. இருபத்திரண்டு வயது. இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமை!

அந்த வாரமே தங்கப்பொண்ணு ஊருக்கு வந்திருந்தாள். இந்த வீட்டு வயல்களில் கூலி வேலை செய்த குடும்பத்துப் பெண். ஒரு வருஷமாக மதுரையில் பஞ்சாலையில் நூல் சுற்றுகிறாள். வாய்க்காலில் துவைத்துக்கொண்டே சொன்னாள்: "திங்கக்கெழமை புதுசா பொம்பளை ஆளு எடுக்குறாங்க. நான் நாயித்துக்கெழமை மத்தியான வண்டிக்குப் போறேன். நீங்க வாரதுன்னா சொல்லுங்க."

"நான் வாரேன்" என்று அன்னக்கொடி சொன்ன வேகத்தில் கையிலிருந்த துணி தண்ணீரோடு போயிற்று. அவள் அதைப் பிடிக்கக்கூட இல்லை.

சனிக்கிழமை ஊர்ப் பெரியவர் பேயாண்டியிடம் போய்க் கூட்டம் கூட்டச் சொன்னாள். ஞாயிறு காலை களத்து மேட்டில் ஊரே திரண்டது. ஒரு பக்கம் தாயும் மகனும். மறு பக்கம் அண்ணன். சூரியன் ஏற ஏற அவளுக்கு உள்ளங்கால் பரபரத்தது. சமயநல்லூர் ஸ்டேஷன் இரண்டு மைல். வண்டி பன்னிரண்டு மணிக்கு. அதைத் தவறவிட்டால் திங்கட்கிழமை வேறு யாரோ ஒருத்தி அந்த வேலையில் இருப்பாள்.

"சொல்லு தாயி, எதுக்குக் கூட்டுன?" என்றார் பேயாண்டி.

"எனக்கு இவரு வேண்டாம்!"

சொல்லி முடிக்குமுன் அவள் குனிந்து களத்தில் கிடந்த வைக்கோலில் ஒரு துரும்பைக் கிள்ளி நீட்டிவிட்டாள். நல்லகாமன் தலையில் அடித்துக்கொண்டான். சோணையம்மாள் முகத்தில் விளக்கேற்றியதுபோல் ஆயிற்று.

"அப்ப அம்புட்டையும் விட்டுட்டுப் போகணும், தெரியுமில்ல?"

"தெரியும், அத்தே. அண்டா, தவலை, குடம் எல்லாம் பரண்ல இருக்கு. பெட்டிச் சாவி இந்தாங்க. எருமை சினையா இருக்கு, பாத்துக்கங்க."

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவளுக்கு உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. குரல் தானாக உயர்ந்தது. சின்னப் பிள்ளை ஊஞ்சலில் ஏறியதுபோல் ஒரு கிறுகிறுப்பு. காதில் கை வைத்தபோதுதான் நின்றாள். தண்டட்டி செத்துப்போன அம்மாவுடையது. அம்மா காதில் அவை ஆடியதுதான் அவளுக்கு நினைவு தெரிந்த முதல் காட்சி. அதைக் கழற்றுவது கஷ்டமாக இருந்தது. ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அம்மா இந்தக் காதைப் பெற்றவள், தண்டட்டியைப் பெற்றவள் அல்ல என்று நினைத்துக்கொண்டாள். கழற்றிப் பேயாண்டி முன்னால் வைத்தாள். வெறும் காது இரண்டும் தோளில் தொங்கின.

"கட்டியிருக்கிற சேலை?" என்றாள் சோணையம்மாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

"உங்க வீட்டுச் சேலையெல்லாம் பெட்டியில இருக்கு, அத்தே. இது தங்கப்பொண்ணு சேலை."

கொல்லைப்புறம் வந்து கூலி வாங்கிப் போகிறவளின் சேலை! அதைக் கேட்டு வாங்கி, ஆசையாகக் கட்டிக்கொண்டு, ஊர் நடுவில் சிரித்த முகத்தோடு நிற்கிறாள். அவ்வளவு தூரத்துக்கு இந்தப் புருஷன் அவளுக்கு வேண்டாதவனாகிவிட்டான். ஊரின் கண் மொத்தமும் மெல்ல உக்கிரபாண்டியின் பக்கம் திரும்பியது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அண்டாவும் எருமையும் கிடைத்த சந்தோஷம் அவனுக்கு அந்தச் சிரிப்போடு போயிற்று. துள்ளி எழுந்தான். "யாரு யாரை வேண்டாங்குறது? நான் ரெண்டு வருசத்துக்கு முந்தியே மனசுல வேண்டாம்னுட்டேன்! இந்தா துரும்பு!" என்று அவனும் ஒரு வைக்கோலைக் கிள்ளி நீட்டினான்.

"அடேய் பாவி! பாதி நஞ்சை போயிருமேடா!" என்று சோணையம்மாள் அலறினாள்.

"போகட்டும்! பொண்டாட்டி உதறிட்டுப் போன பயன்னு நான் இந்த ஊருல நடமாடணுமா?"

நல்லகாமனுக்கு உயிர் வந்தது. "மாப்ள சொல்றதுதான் சரி! அவருதான் முதல்ல! பெரியவங்க கேட்டுக்கிட்டீகள்ல?" என்று குதித்தான்.

இப்படி இருவரும் கையை நீட்டியபடி எதிரெதிரே நின்றார்கள். இவள் துரும்பை அவன் வாங்க மாட்டான். வாங்கினால் அவன் உதறப்பட்டவன். அவன் துரும்பை இவளும் வாங்கவில்லை. "நான்தான் முதல்ல சொன்னேன்!" என்றாள். "மனசுல நான்தான்!" என்றான். கூட்டம் இரண்டு கட்சியாகிக் கூச்சல் போட்டது. பேயாண்டி தாடையைச் சொறிந்தார். மனசுக்குள் சொன்னதற்கு யாரைச் சாட்சி கூப்பிடுவது?

"இது இன்னைக்குத் தீராதப்பா. வெள்ளிக்கெழமை மறுபடி கூடுவோம். சாட்சியை விசாரிக்கணும், நிலத்தை அளக்கணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அன்னக்கொடி வானத்தை அண்ணாந்து பார்த்தாள். சூரியன் உச்சிக்கு வந்துகொண்டிருந்தான். எல்லாவற்றையும் விட்டாயிற்று என்று நினைத்தாளே, இன்னும் எது பிடித்து வைத்திருக்கிறது? தன் கையைப் பார்த்தாள். 'நான்தான் உதறினேன்' என்கிற பெருமையை அந்தத் துரும்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அண்டாவை விட அது கனமாக இருந்தது.

தன் துரும்பைக் கீழே போட்டாள். அவன் நீட்டிய துரும்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சரி, நீங்கதான் முதல்ல வேண்டாம்னீக. நான் தள்ளிவச்ச பொண்டாட்டி. போதுமா? பெரியப்பா, கேட்டுக்கங்க. பாதி நிலமும் எனக்கு வேணாம், சீரும் வேணாம். எதையும் அளக்கவும் வேணாம். தீந்துச்சா?"

பேயாண்டி தன் வாழ்நாளில் இப்படி ஒரு வழக்கைக் கண்டதில்லை. "தீந்துச்சு" என்றார்.

அவ்வளவுதான். அவள் ஓடினாள். "புத்தி கெட்டவளே! நில்லுடி!" என்று நல்லகாமன் கத்துவது வாய்க்கால் தாண்டும் வரை கேட்டது. ஜெயித்த உக்கிரபாண்டி துரும்பில்லாத கையை இன்னும் மடக்காமல் நின்றான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் வரப்பில் ஓடினாள், புழுதியில் ஓடினாள், மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டே ஓடினாள். ஓடும்போது இடுப்பில் குடமில்லை, தலையில் மூட்டையில்லை, காதில்கூடக் கனமில்லை. இரண்டு கையையும் வீசி ஓடுவது இத்தனை சுகமா!

ஸ்டேஷன் வாசலில் தங்கப்பொண்ணு கண்ணில் கலவரத்தோடு நின்றிருந்தாள். தூரத்தில் புகை தெரிந்தது.

"முடிஞ்சதா? என்ன சொன்னாக?"

"அவரு என்னைய வேண்டாம்னு தள்ளி வச்சுட்டாரு!"

"ஐயையோ! ஊரெல்லாம் அப்படித்தான பேசும்?"

"பேசட்டும் தங்கப்பொண்ணு, வருசம் பூரா பேசட்டும். நீ என் கையைப் பிடி, வண்டி வருது!"