நீலத்தாளைக் கடித்த கிட்டார்

கீழ்வீட்டில் பல்செட் செய்து கொடுப்பவளுக்கும் மாடிவீட்டுக் கிட்டார்காரனுக்கும் நடுவில் என்ன ஓடுகிறது என்பது பால்காரர் முதல் பூனை வரை தெருவில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர் ஒரே ஒருவர்தான், அவளைப் பெற்றவர். வாசலில் உட்கார்ந்து உலக நடப்பையெல்லாம் அலசுவார். தலைக்கு மேலே நடப்பது மட்டும் கண்ணில் படாது.

ஊரின் பெரிய இசைக்குழுவில் நிரந்தர இடம் கிடைத்த அன்றைக்கே அவள் அப்பாவிடம் கல்யாணம் பேசிவிடுவதாகக் கிட்டார்காரன் வாக்குக் கொடுத்திருந்தான். போன தடவை தேர்வுக்குப் போனபோது கிட்டாரே காலை வாரிவிட்டது. மெதுவான பாட்டில் உருகி இழுத்த இடத்தில் 'ர்ர்ர்' என்று கரகரத்துத் தொலைத்தது. "உள்ள வண்டு ஏதும் மாட்டிக்கிச்சா தம்பி?" என்றாராம் குழுத்தலைவி. இன்று சாயங்காலம் மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். இதையும் விட்டால் வாக்கு வாக்காகவே கிடக்கும். அப்பாவோ அவளுக்கு வேறு இடத்தில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்.

வண்டுமில்லை, தும்பியுமில்லை. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பதித்த உலோகக் கம்பிகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். தந்தியை ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தி முதல் சில ஃப்ரெட்டுகளில் பள்ளம் விழுந்திருந்தது. அழுத்தினால் தந்தி பள்ளத்தில் இறங்கி, அடுத்த ஃப்ரெட்டில் போய் உரசியது. கிட்டார் கடைக்காரர் அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார்.

"அட, தேய்ஞ்ச பல்லு மாதிரிதானே இருக்கு! இப்படிக் குடுங்க" என்று காலையிலேயே பிடுங்கிக்கொண்டாள் அவள். காதல் கண்ணை மறைக்கும் என்பார்கள். இவளுக்குக் கைதான் துறுதுறுத்தது.

முன்னறைதான் அவள் பட்டறை. மேசை நிறையப் பல்செட்டுகள், முகமே இல்லாத சிரிப்புகள். பல்செட் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க, நடுவில் ஒரு நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். எந்தப் பல் எடுப்பாக நிற்கிறதோ அதில் நீலம் ஒட்டும். அதை மட்டும் அரத்தால் ராவினால் வேலை முடிந்தது. கிட்டாருக்கும் அவள் அதே வைத்தியத்தைப் பார்த்தாள். தந்திக்கடியில் நீலத்தாளைச் செருகி, பின்வாசல் வழியாக வந்திருந்த அவனை மீட்டச் சொன்னாள். மூன்றாவது ஃப்ரெட்டில் நீலம் ஒட்டியது. ராவினாள். கரகரப்பு போயே போய்விட்டது.

"வண்டு செத்துச்சு!" என்று அவன் குதித்தான். அடுத்த இடத்தில் அழுத்தினான். ர்ர்ர்.

"அதுக்கு ஒரு தம்பி இருக்கும் போல" என்றாள் அவள்.

தம்பியை ராவினால் தங்கை, தங்கையை ராவினால் சித்தப்பா. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் சொன்ன கதையாக, கரகரப்பு கழுத்தில் ஒவ்வொரு படியாக இறங்கி ஓடியது. அவள் அரத்தோடு துரத்தினாள்.

"இன்னும் எத்தன பல்லுங்க டாக்டர்?"

"பேசாம கழுத்தப் பிடிங்க."

"யாரு கழுத்த?"

"இப்போதைக்குக் கிட்டார் கழுத்த."

வாசலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "என்னம்மா, காலையிலேருந்து கறுக்குமுறுக்குன்னு?"

"பெரிய கேஸுப்பா! வாய் நெறையப் பல்லு!"

மதியச் சோறு ஆறிப்போனபோதுதான் அவளுக்கு உறைத்தது. பல்லில் கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் தாடை அனுசரித்துப் போகும். தந்திக்கு ஏது தாடை? பள்ளம் விழுந்ததற்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் தாழ்த்தினால், அதற்கும் அடுத்தது தலைதூக்கத்தானே செய்யும்!

"எல்லாத்தையும் ஒண்ணாத் தேய்க்கணும்" என்றாள்.

"நல்லா இருக்கறதையுமா?" அவன் முகம் வெளுத்தது.

"ஒருத்தர் பள்ளத்துல விழுந்துட்டா மத்தவங்கதான் கொஞ்சம் குனியணும். தந்தியக் கழட்டுங்க."

தந்திகள் கழன்றன. கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டைச் சாவியால் திருகிக் கழுத்தை நிமிர்த்தினான் அவன். மரத்தில் கீறல் விழாமல் ஒட்டுநாடாவை ஒட்டி, ஃப்ரெட்டுகளின் தலைக்கெல்லாம் மை பூசினாள் அவள். பல்லுக்குச் சாந்து குழைக்கும் கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி, கழுத்து நெடுக ஒரே சீராக இழுத்தாள். ஆழமான பள்ளத்திலிருந்த மையும் அழிந்த பிறகுதான் கையை எடுத்தாள். தட்டையாகிப்போன தலைகளைச் சின்ன அரத்தால் உருட்டி, பல்செட்டுக்குப் போடும் மெருகையே போட்டாள். பொண்ணு பார்க்க வந்தவன் பல்லைக் காட்டுவதுபோல அத்தனையும் பளிச்சென்று இளித்தன.

புதுத் தந்தி மாட்டி, கழுத்துத் தண்டைப் பழையபடி தளர்த்தி, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்திப் பார்த்தான். கரகரப்பு இல்லை. இருவரும் கையைக் கோத்துக்கொண்டு ஆடிய ஆட்டத்தில் மேசையிலிருந்த பல்செட்டுகளெல்லாம் கடகடவென்று சேர்ந்து சிரித்தன.

அவன் போனான். அதற்குப் பிறகு அவள் செய்த வேலை லட்சணத்தைக் கேட்கவே வேண்டாம். யாருக்கோ கடைவாயில் முன்பல்லை வைத்து மெழுகு ஊற்றிவிட்டாள்.

சாயங்காலம் தெருமுனையிலிருந்தே ஓடி வந்தவன், அவள் அப்பாவின் முன்னால் வந்ததும் ஆணியடித்ததுபோல நின்றான்.

"குழுவுல... சேத்துக்கிட்டாங்க சார்."

"சந்தோஷம் தம்பி. அதுக்கு ஏன் இப்படி வெறச்சு நிக்குற?"

"அப்புறம்... வந்து... மாடியில தண்ணி நல்லா வருது சார்."

எதிர்வீட்டம்மா பிழிந்த துணியை உதற மறந்து நின்றார். ஜன்னலுக்கு ஒரு தலை முளைத்தது. உள்ளே இருந்தவளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அப்பா, அவரு தண்ணியப் பத்திப் பேச வரல. என்னைக் கட்டிக்கிறதப் பத்திப் பேச வந்தாரு. வாய் வரல. நானே கேக்குறேன், உங்களுக்குச் சம்மதமா?"

அப்பா இவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "இது எப்போலேருந்து?"

"போன மழைக்காலத்துலேருந்து!" என்றது ஒரு ஜன்னல்.

"போங்க, அதுக்கும் முன்னாடி!" என்றது இன்னொன்று.

"ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாதா?" அப்பா எல்லாம் தெரிந்தவர்போல எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். "அந்தக் கரகரச் சத்தத்தோட எம் பொண்ண அனுப்ப மாட்டேன். எங்க, இப்ப வாசி பாப்போம்."

அவன் வாசற்படியில் உட்கார்ந்து, போன தடவை காலை வாரிய அதே இடத்தை மீட்டினான். சுரம் கரகரக்கவில்லை. நெய் ஊற்றினாற்போல நீண்டு, எதிர்ச் சுவர்வரை போய்த் திரும்பியது.

அப்பா காதைத் தடவிக்கொண்டார். "இத விட்டா வேற பாட்டு ஏதாவது தெரியுமா, மாப்ள?"

கடைசி வார்த்தை அவள் காதில் ஏறுவதற்குள் எதிர்வீட்டம்மா ஈரத்துணியைத் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்ற ஆரம்பித்துவிட்டார்.